கொலன்னாவை எரிந்தபோது

2025 ஒக்டோபர் தொடக்கத்தில் ஓர் இரவு. நான் வேலை செய்யும் பாண் தொழிற்சாலையில் விடியப்புறம் இரண்டு மணிக்குத் தேநீர் இடைவேளை, இருபது நிமிடம். பொதி செய்யும் பகுதியில் எனக்கு எதிரே நிற்கும், உக்ரைனின் கார்கிவ் நகரத்துப் பெண்மணி பக்கத்துக் கதிரையில் வந்து இருந்து, தன் கைபேசியை என் பக்கம் திருப்பினார். ஐம்பத்தைந்து வயதிருக்கும் அவருக்கு. போர் தொடங்கிய வருசம் கனடாவுக்கு வந்தவர். கைபேசியில் ஒரு நகரம். அடுக்குமாடிகளின் யன்னல் வெளிச்சங்கள் ஒரு தெருவில் அணைந்தன, பிறகு அடுத்த தெருவில், பிறகு அதற்கும் அப்பால். "பெல்கொரொத்" என்றார். எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ரஷ்ய நகரம். செப்டெம்பர் கடைசியில் உக்ரைனின் தாக்குதலில் அங்கே கரண்ட் போயிருந்தது. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. நானும் சிரித்தேன். அதோடு விட்டிருக்கலாம். "இனி அவைக்கும் விளங்கட்டும்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வசனமும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். மணி அடித்தது, எழும்பிப் போனோம்.

காலையில் பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது அந்த வசனம் தொண்டையில் நின்றது. அதை நான் முதல் தடவையாகச் சொல்லவில்லை. முப்பது வருசத்துக்கு முன், பதினான்கு வயதில், யாழ்ப்பாணத்து இணுவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில், இருட்டுக்குள் நின்று அதே வசனத்தைத் தமிழில் சொல்லியிருக்கிறேன். அதே ஒக்டோபர் மாதம். அன்றிலிருந்து இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

குளவிக் கூடு

1990 யூனில் அரசாங்கத்துக்கும் புலிகளுக்கும் சண்டை மீண்டும் தொடங்கியபோது எனக்கு ஒன்பது வயது. கரண்ட் நின்ற நாளை எங்கள் வீட்டில் யாரும் குறித்துவைக்கவில்லை. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்றுதான் இருந்தோம். சுவிட்சைப் போட்டுப் பார்க்கும் பழக்கம் எனக்கு ஒரு வருசம் வரை இருந்தது. பிறகு மின்விசிறியின் நடுவில் குளவி வந்து மண்கூடு கட்டியது. அம்மா வீட்டைக் கூட்டும்போதெல்லாம் நிமிர்ந்து பார்ப்பா, ஆனால் அதைக் கலைக்கவில்லை. 1997 இல் நான் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோதும் அந்த விசிறி சுற்றவில்லை.

பெற்றோல், டீசல், பற்றரி, உரம், சீமெந்து என்று அரசாங்கம் எங்களுக்குப் போட்ட தடைப் பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெயைச் சங்கக்கடையில் அளந்து தருவார்கள். அந்தச் சொட்டு எண்ணெயை எப்படி நீட்டுவது என்பதுதான் எங்கள் வயதுப் பிள்ளைகள் கற்ற முதல் விஞ்ஞானம். ஜாம் போத்தல் விளக்கை இதை வாசிக்கிற பலர் உங்கள் கையாலேயே செய்திருப்பீர்கள். செய்யாதவர்களுக்குச் சொல்கிறேன். போத்தலின் அடியில் ஒரு பிடி பஞ்சு. அது நனையும் அளவுக்கு மட்டும் இரண்டு கரண்டி மண்ணெண்ணெய். பழைய சயிக்கிள் ரியூப்பில் வெட்டியெடுத்த வால்வுக்குள்ளால் நூல்திரியை இழுத்து, மெல்லிய கம்பியால் அதைச் சுற்றி, கம்பியின் மறுமுனையைப் போத்தல் வாயில் கொளுவிவிட வேண்டும். சுடர் போத்தலுக்குள்ளேயே எரியும். காற்று அணைக்காது, கண்ணாடியே சிமினியாக நிற்கும். ஒரு புத்தகத்தின் ஒரு பக்கத்துக்குத்தான் வெளிச்சம் காணும், மறுபக்கத்தை வாசிக்கப் புத்தகத்தை நகர்த்த வேண்டும். காலையில் முகம் கழுவும்போது மூக்குக்குள் விரலை விட்டால் கரி வரும். தங்கச்சிக்கு அப்போது தொய்வு. அவள் படிக்கிற இடத்தில் விளக்கை யன்னல் கட்டில் வைத்துவிட்டு, அவளை எட்ட இருத்துவார்கள். புகை அவளுக்கு வரக்கூடாது, வெளிச்சம் மட்டும் வர வேண்டும். அந்த இரண்டையும் பிரித்தெடுக்க அம்மா பட்ட பாட்டை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

தோட்டத்தில் தண்ணீர் பம்பு நின்றதும் அப்பா வளவு மூலையில் கிடந்த பழைய துலாவைத் திரும்ப நிமிர்த்தினார். அவருடைய அப்பா காலத்துத் துலா. நாற்பத்தைந்து வயதில் துலா மிதிக்கப் பழகினார். வெங்காயத்துக்கு இறைத்துவிட்டு வந்து படுக்கும்போது அவருடைய பாதம் வீங்கிப்போயிருக்கும். கரண்ட் இல்லை என்றால் வெளிச்சம் இல்லை என்றுதான் கரண்ட் உள்ளவர்கள் நினைக்கிறார்கள். வெளிச்சம் அதில் மிகச் சின்னப் பங்கு. தண்ணீர், மருந்து, சாப்பாடு, செய்தி எல்லாம் அந்தக் கம்பிக்குள்ளால்தான் வருகின்றன. கம்பி செத்தால் அதையெல்லாம் மனுசர் தங்கள் உடம்பால் இழுத்து எடுக்க வேண்டும். உடம்பு இயலாதவர்கள்தான் முதலில் விழுவார்கள்.

ஒன்பதாம் மாடி

கார்கிவ் பெண்மணியின் தாய்க்கு 79 வயது. எவ்வளவு கூப்பிட்டும் வரமாட்டேன் என்று ஒன்பதாம் மாடியில் தனியாக இருக்கிறார். பெல்கொரொத்துக்கும் கார்கிவுக்கும் இடையில் ஏறக்குறைய 75 கிலோமீற்றர்தான். அந்தப் பக்கத்தில் இருந்து ஏவினால் ஒரு நிமிடத்துக்குள் வந்து விழும். சைரன் ஊத முன்பே வெடித்து முடிந்த நாட்கள் உண்டு என்றார். அவர் காட்டிய படங்களில் ஒன்றை என்னால் மறக்க முடியவில்லை. அவர்களுடைய கட்டடத்து லிப்டின் உட்புறம். மூலையில் ஒரு காட்போட் பெட்டி, அதற்குள் தண்ணீர்ப் போத்தல்கள், விசுக்கோத்துப் பைக்கற்றுகள், ஒரு ரோர்ச். கரண்ட் போய் யாராவது இடையில் மாட்டுப்பட்டால் அவர்களுக்காக. அந்தக் கட்டடத்துச் சனம் சேர்த்து வைத்தது. கீவில், கார்கிவில், எத்தனையோ கட்டடங்களில் இப்படிப் பெட்டிகள் வைத்தார்கள்.

எங்களுக்குத் தெரியாத ஒன்று அவர்களுக்கு இருக்கிறது: குளிர். சோவியத் காலத்து நகரங்களில் வீட்டுக்கு வீடு அடுப்பு மூட்டிச் சூடாக்குவதில்லை. மின்சாரத்தையும் சூட்டையும் சேர்த்துத் தரும் பெரிய நிலையங்களில் இருந்து கொதிநீர் குழாய் வழியாக நகரம் முழுதும் போகும். அந்த நிலையம் நின்றால், ஓட்டம் நின்ற தண்ணீர் குழாய்க்குள் உறைந்து, விரிந்து, இரும்பை வெடிக்க வைக்கும். அதற்கு முன் ஆட்கள் ஓடி ஓடித் தண்ணீரை வடிக்க வேண்டும். வடிக்கப் பிந்தினால் பிறகு கரண்ட் வந்தாலும் அந்தக் கட்டடத்துக்கு அந்த மாரியில் சூடு இல்லை.

அடிப்பவர்களுக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். உக்ரைனின் மின்வலை ஒரு காலத்தில் மொஸ்கோவோடு ஒன்றாகக் கட்டப்பட்டது. எந்தத் துணைமின்நிலையம் எதற்கு உயிர்நாடி என்பது அவர்கள் அறிந்த விசயம். 2022 ஒக்டோபர் 10 அன்று 84 ஏவுகணைகளும் 24 ட்ரோன்களும் ஏவப்பட்டதாக உக்ரைன் இராணுவம் கணக்குச் சொன்னது. அதிலிருந்துதான் இது ஒரு திட்டமாகத் தொடர்ந்தது. நவம்பர் 23 இல் கீவின் கட்டுப்பாட்டில் இருந்த அணுமின் நிலையங்கள் எல்லாம் வலையில் இருந்து கழன்றன. பக்கத்து நாடான மோல்டோவாவின் பெரும்பகுதியும் இருண்டது. 2024 மார்ச் 22 இல் தினிப்ரோ நதி அணைக்கட்டின் நீர்மின் நிலையம் அடிபட்டது. அன்று கார்கிவ் நகரம் முழுதாக இருண்டது. ஏப்ரல் 11 இல் கீவ் மாகாணத்தின் மிகப் பெரிய அனல்மின் நிலையமான திரிபில்லியா எரிந்து அழிந்தது. அந்த வசந்த காலத்தில் மட்டும் ஏறக்குறைய 9 கிகாவாட் உற்பத்தியை உக்ரைன் இழந்தது. மின்கம்பி அறுந்தால் ஒரு நாளில் கட்டலாம். 750 கிலோவோல்ட் மின்மாற்றி அப்படியில்லை. 200 தொன்னைத் தாண்டும் எடை, கட்டளை கொடுத்துச் செய்து எடுக்க ஒரு வருசத்துக்கு மேல் பிடிக்கும், கொண்டுபோக ரயில்பாதையும் பாலமும் தாங்க வேண்டும். அதனால்தான் நிலையங்களோடு மின்மாற்றிகளையும் குறிவைக்கிறார்கள். திருத்தப் போனவர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போது அதே இடத்துக்கு இரண்டாம் தடவை அடித்ததும் நடந்திருக்கிறது.

அணைக்கிறவர்களின் கணக்கு

இந்தக் கணக்கை ரஷ்யா கண்டுபிடிக்கவில்லை. 1991 இல் ஈராக்கின் மின் உற்பத்தியை அமெரிக்காவும் கூட்டாளிகளும் சில வாரங்களில் பெரும்பாலும் முடக்கினார்கள். மின்கம்பிகளின் மேல் மெல்லிய கரி நார்களைத் தூவி வலையைக் குறுக்கிணைப்பில் விழுத்தும் ஆயுதத்தை அங்கே பாவித்தார்கள். நீர் சுத்திகரிப்பு நின்றது, கழிவுநீர்ப் பம்புகள் நின்றன, கொலராவும் தைபோய்ட்டும் பரவின. சதாம் உசேன் அதற்குப் பிறகு 12 வருசம் ஆட்சியில் இருந்தார். 1999 மே 2 ஆம் திகதி இரவு அதே வகைக் குண்டுகள் சேர்பியாவின் பெரும்பகுதியை இருட்டாக்கின. தண்ணீரும் மின்சாரமும் வேண்டுமென்றால் யூகோஸ்லாவிய ஜனாதிபதி மிலோசெவிச் நேட்டோவின் நிபந்தனைகளை ஏற்கட்டும் என்று நேட்டோவின் பேச்சாளரே பகிரங்கமாகச் சொன்னார். மிலோசெவிச் யூனில் இறங்கி வந்தார் என்பதும் உண்மை. ஆனால் இருட்டுத்தான் அவரை இறக்கியதா என்று இன்னும் விவாதிக்கிறார்கள். 2006 யூனில் காசாவின் ஒரேயொரு மின்நிலையத்தின் மின்மாற்றிகளை இஸ்ரேல் குண்டு போட்டு அழித்தது. 2023 ஒக்டோபரில் கரண்டையும் எரிபொருளையும் நிறுத்துகிறோம் என்று அதன் பாதுகாப்பு அமைச்சர் அறிவித்து, இரண்டு நாளில் அந்த நிலையம் எண்ணெய் இல்லாமல் நின்றது.

கணக்கு எல்லா இடத்திலும் ஒன்றுதான். விளக்கை அணைத்தால் சனம் தாங்காது, தாங்காத சனம் தன் தலைவர்களின் சட்டையைப் பிடிக்கும், தலைவர்கள் பணிவார்கள். நான் அந்தச் சனத்துக்குள் இருந்தவன். ஏழு வருச இருட்டில், "இதை நிறுத்துங்கோ" என்று எங்கள் ஒழுங்கையில் யாரும் எழும்பிக் கேட்டதை நான் காணவில்லை. கேட்கப் பயம் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் பயம் இல்லாத வீட்டுக்குள்ளும், சாப்பாட்டுக்கு இருந்து கதைக்கும்போதும், கோபம் கரண்டை நிறுத்தியவர்கள் மேல்தான் இருந்தது. அது அரசாங்கத்தோடும் நிற்கவில்லை. தெற்கில் விளக்குக்குக் கீழே இருக்கிற எல்லாரிலும் போய் விழுந்தது. உக்ரைனிலும் முதல் மாரி முடிந்தபோது விட்டுக்கொடுக்கமாட்டோம் என்றவர்கள்தான் பெரும்பான்மை. இப்போது சனம் களைத்துப்போயிருக்கிறது, கார்கிவ் பெண்மணியும் அதை ஒத்துக்கொள்கிறார். ஆனால் களைத்தவர்களின் கோபமும் குண்டு வந்த திசையைத்தான் பார்க்கிறது.

இந்த வகைப் போரைக் குற்றம் என்று சொல்லச் சட்டம் இப்போதுதான் வாய் திறந்திருக்கிறது. உக்ரைனின் மின்நிலையங்களை அடித்ததற்காக 2024 மார்ச்சில் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் கொபிலாஷ், சொகோலொவ் என்ற இரண்டு ரஷ்யத் தளபதிகளுக்கும், யூனில் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் ஷொய்கு, படைகளின் தலைமைத் தளபதி கெராசிமொவ் ஆகியோருக்கும் பிடியாணை பிறப்பித்தது. அந்தச் செய்தியை வாசித்தபோது எனக்கு உண்மையாகவே சந்தோசமாக இருந்தது. எங்களுக்கு நடந்ததற்கும் ஒரு பெயர் இருக்கிறது என்று தோன்றியது.

அதே ஆள்தான் பெல்கொரொத் இருண்டதைப் பார்த்துச் சிரித்தான்.

ஒக்டோபர் 20

1995 ஒக்டோபர் 17 இல் யாழ்ப்பாணத்தைப் பிடிப்பதற்கான 'சூரியக்கதிர்' படையெடுப்பு தொடங்கியது. ஷெல் சத்தம் இரவு பகலாகக் கேட்டுக்கொண்டிருந்தது. மூன்று நாள் கழித்து, 20 ஆம் திகதி, கொழும்பில் கொலன்னாவையிலும் ஒருகொடவத்தையிலும் இருந்த எண்ணெய்க் குதங்களைப் புலிகள் தாக்கினார்கள்.

அன்று இரவு ஒன்பதேகாலுக்கு பிபிசி தமிழோசை கேட்க எங்கள் விறாந்தையில் பத்துப் பன்னிரண்டு பேர். பற்றரி இல்லை. சயிக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் இருந்து றேடியோவுக்குக் கம்பி. சுற்றுவது என்னுடைய வேலை. வேகம் குறைந்தால் குரல் மெலியும், கூடினால் இரையும். ஒரே சீராகச் சுற்றுவதற்கு நான் பேர்போனவன். கொலன்னாவை என்ற பெயர் வந்ததும் யாரோ கை தட்டினார்கள். நான் பெடலை விட்டுவிட்டுத் துள்ளினேன். றேடியோ நின்றுபோனது. "டேய், சுத்தடா!" என்று நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். திரும்பச் சுற்றினேன். மூச்சு வாங்க, சுற்றிக்கொண்டே சொன்னேன்: "இனி அவைக்கும் விளங்கட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். பதினான்கு வயதில் பெரிய ஆட்களைச் சிரிக்கவைத்ததில் எனக்குப் பெருமை. அப்போது குசினி வாசலில் நின்ற அம்மா கேட்டா: "மாமி ஆக்கள் தெமட்டகொடையிலயெல்லே இருக்கினம்?"

ஒருகொடவத்தைக்குப் பக்கம்தான் தெமட்டகொடை. அப்பாவின் தங்கச்சி குடும்பம் அங்கே ஒரு சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தது. அம்மாவுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. செய்தி வேறு நாட்டுக்குப் போய்விட்டது, ஆட்களும் எழும்பிவிட்டார்கள். பத்து நாள் கழித்து, 30 ஆம் திகதி, எங்கள் ஊர் இருக்கும் வலிகாமப் பகுதி முழுதும் ஒரே இரவில் வெளிக்கிட்டது. மழைக்குள் நாவற்குழிப் பாலத்தில் அடிக்கு அடி நின்று நின்று நடந்தபோது கொலன்னாவையும் இல்லை, மாமியும் இல்லை. அந்தக் கேள்வி அந்த வெள்ளத்துக்குள் போய்விட்டது.

நான் என்னை நானே வாதாடிக் காப்பாற்றப் பார்த்திருக்கிறேன். எண்ணெய்க் குதம் வேறு, வீடுகளைச் சூடாக்கும் நிலையம் வேறு. ஆமியின் வாகனங்களுக்கும் அந்த எண்ணெய்தான் போனது, இலக்கு அதுதான். இந்த வேறுபாடு உண்மையானது, இப்போதும் அதை நான் விடமாட்டேன்; சட்டமும் அந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது. ஆனால் அன்று நான் துள்ளியது அந்த வேறுபாட்டைப் பார்த்தல்ல. ஆமியின் லொறி நிற்கும் என்று நான் நினைக்கவேயில்லை. ஏதோ ஒரு வீட்டில், என் வயதில் ஒருத்தன், சுவிட்சைப் போட்டுப் பார்த்து வராமல் நிற்பதைத்தான் நினைத்தேன். அந்த நினைப்பு இனித்தது. 2008 ஒக்டோபரில் புலிகளின் விமானம் கொழும்பின் களனிதிஸ்ஸ மின்நிலையத்தில் குண்டு போட்டபோது நான் ஸ்காபரோவில், எல்லா அறையிலும் விளக்கு எரிகிற வீட்டில் இருந்தேன். அப்போதும் இனித்தது. என் இருட்டு முடிந்து பதினொரு வருசத்துக்குப் பிறகும்.

ஒரு தலைமுறையை இருட்டுக்குள் வைத்தால் அதற்குள் விளைவது இதுதான் என்று எனக்கு இப்போது படுகிறது. பணிவு விளையவில்லை. இன்னொரு வீடு இருளும்போது இனிக்கிற ஒரு நாக்கு விளைந்தது.

அடுத்த கிழமை இடைவேளையில் கார்கிவ் பெண்மணியிடம் இதைச் சொன்னேன். என் ஆங்கிலமும் அவருடைய ஆங்கிலமும் சேர்ந்து எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு. றேடியோவைப் பற்றி, பெடலைப் பற்றிச் சொன்னபோது சிரித்தார். அம்மாவின் கேள்விக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தன் தாயின் தங்கை பெல்கொரொத்தில் இருக்கிறார் என்றார். போருக்கு முன் வாரக் கடைசியில் காரில் போய்வருவார்களாம். 2022 க்குப் பிறகு கதையில்லை. "இங்கே குண்டு விழுகிறது என்று அம்மா சொன்னபோது, பொய் சொல்லாதே என்று சொன்னவள்" என்றார். பிறகு மணி அடிக்கும் வரை இரண்டு பேரும் பேசவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கொழும்புக்கு மாமிக்கு அழைத்தேன். எழுபது தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் நல்லாய் இருக்கிறது. கொலன்னாவை எரிந்த நாளைப் பற்றிக் கேட்டேன். முப்பது வருசமாக யாரும் கேட்கவில்லை என்பதுபோல உடனே தொடங்கினா. வானம் மஞ்சளாய்க் கிடந்ததாம், கதவைத் திறந்தால் முகத்தில் சூடு அடித்ததாம். பக்கத்து வீட்டுச் சிங்கள மனுசி தன் பிள்ளைகளோடு மாமியின் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு பன்சலைக்கு, புத்த கோயிலுக்கு, ஓடியிருக்கிறா. பின்னேரம் மாமாவை விசாரணைக்கென்று கூட்டிக்கொண்டு போய், இரண்டு நாள் வைத்திருந்து விட்டார்களாம். கொடியில் கிடந்த பள்ளிக்கூடச் சட்டைகளில் படிந்த கரி எத்தனை தரம் தோய்த்தும் போகவில்லை என்றா.

"உங்களுக்கு அங்க எப்ப தெரியும்?" என்று கேட்டா.

"அண்டைக்கு இரவே. றேடியோவில."

"என்ன நினைச்சனீங்கள்?"

சொன்னேன். சயிக்கிள், பெடல், கை தட்டினது, நான் சொன்ன வசனம், ஒன்றும் விடாமல். மாமி கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. லைன் விட்டுவிட்டதோ என்று நினைத்தேன்.

"அப்ப உங்களுக்கு அங்க கரண்ட் இருந்ததே?" என்று கேட்டா.

"இல்லை மாமி" என்றேன்.